பாதி மோடம்

புன்னைமேட்டுக்குப்பத்தில் மோடம் முதன்முதலாக வேலை செய்த அன்று, அதாவது ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குச் சற்று முன்னால், மீன்காரி சிவபாக்கியத்தின் குரல் போய்விட்டது. போனது எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. மேசைமேல் இருந்த லேப்டாப்பின் வயிற்றுக்குள்ளிருந்து அவள் குரல்தான் கீச்சென்றும் கரகரவென்றும் கிளம்பி, போன் கம்பிக்குள் இறங்கி, எதிர்முனையில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்ததை அறையிலிருந்தவர்கள் காதாரக் கேட்டார்கள்.

கலாவதி ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! சித்திரையில் டவுனிலிருந்து ஏதோ அறக்கட்டளைக்காரர்கள் வேனில் வந்து, ஏலக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் மேசை போட்டு, ஒரு லேப்டாப்பையும் ஒரு மைக்கையும் வைத்து, 'தகவல் மையம்' என்று பலகை மாட்டி, ஊரில் பன்னிரண்டாவது வரை படித்த ஒரே மருமகள் என்பதால் அவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். வேலை ஒன்றுதான். தினமும் நாலு மணிக்குப் போன் கம்பி வழியாக, நாளைக்கு அலை எத்தனை அடி எழும்பும் என்கிற அறிக்கையை இறக்கி, மைக்கில் ஊருக்கு வாசிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் அலை தெரியாமல் போன படகில் அவள் தம்பியும் போனான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. அதனால் அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். இலவசம், நல்லது, வைரஸ் வராது, எல்லாம் சரிதான். போன் கம்பியோடு பேசுவதற்காகத் தன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிற மோடத்தை மட்டும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. பக்கவாட்டில் தீப்பெட்டி அட்டை மாதிரி செருகுகிற நெட்வொர்க் கார்டையும் சரியாகத் தெரியவில்லை. கார்டைச் செருகினால் ரெண்டு தரம் கூவும். ரெண்டு கூவலும் உசந்து ஒலித்தால் கார்டு எழுந்துவிட்டது என்று அர்த்தம். முதல் கூவல் உசந்து இரண்டாவது தாழ்ந்தால், 'உன்னைத் தெரியும், ஆனா உன்னால ஆவாது' என்று அர்த்தம். நாலு மாசமாகத் தாழ்ந்த கூவலையே கேட்டுக்கேட்டு, அடுப்படியில் பாத்திரம் விழுந்தால்கூட அவள் இரண்டாவது சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

டவுனில் அறக்கட்டளையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அருள்தாஸ் சார் போனில் சொல்லச் சொல்ல இவள் தட்டுவாள். அங்கேயும் ஒரு கூத்து. இருப்பது ஒரே போன் லைன். மோடத்தைச் சோதிக்க வேண்டுமானால் போனை வைத்துவிட்டு ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பில் செருக வேண்டும். கேட்கும்போது செய்ய முடியாது, செய்யும்போது கேட்க முடியாது. இப்படியே சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆனி போச்சு.

"கலாவதிம்மா, அது முழு மோடம் இல்ல, பாதி மோடம்," என்றார் அருள்தாஸ் ஒருநாள். "மலிவா விக்கணும்னு மீதியை வைக்காமலே வுட்டுட்டான். மீதி வேலையை வேற யாராவது செஞ்சு குடுக்கணும்."

"யாரு சார் செய்யணும்?"

"மிஷின்தான் செய்யணும். அது செய்யலேன்னா, பாப்போம், யாராவது செய்வாங்க." அவரும் களைத்துத்தான் போயிருந்தார், பாவம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் சிடியில் அனுப்பிய புது டிரைவர் மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, 'இதுவும் ஆவாது' என்று கலாவதி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான், ஸ்பீக்கர் கட்டிய கயிறு தன் கருவாட்டுக் கொடியில் இடிக்கிறதென்று சிவபாக்கியம் சண்டைக்கு வந்தாள். வந்தவள், தரையில் கிடந்த போன் ஒயர் காலில் தட்ட, "இது வேற இங்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு!" என்று எடுத்து லேப்டாப்பின் ஓட்டையில் செருகினாள். அவ்வளவுதான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் கம்பிக்குள் ஓடியது. பதினோரு நிமிஷத்தில் அறிக்கை இறங்கியது. கலாவதி ஒயரை உருவியதும் குரல் திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்தே சிவபாக்கியம் திட்டத் தொடங்கினாள்.

ஊர் கூடியது. மோடத்துக்குச் சொந்தமாகத் தொண்டை இல்லை, ஒயரைச் செருகுகிற கை யாருடையதோ அவர்கள் குரலைக் கடன் வாங்கிக்கொள்கிறது, உருவினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்பதை மாரியம்மன் கோயில் வாசலில் கலாவதி விளக்கிச் சொன்னபோது, ஏன் எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஏன் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தால் பிழைப்பு ஆகுமா? ஊர்த் தலைவர் நாட்டார் உத்திராபதி ஒரே கேள்விதான் கேட்டார்: "யார் யாருக்கு எந்த எந்த நாளு?"

கரைவலை இழுக்க முறை வைப்பது போலவே குரலுக்கும் முறை வைத்தார்கள். தலைக்கட்டுக்கு ஒருத்தர், நாளுக்கு ஒரு வீடு. மைக்கில் வாசிக்க வேண்டியவள் என்பதால் கலாவதி மட்டும் ஒயரைச் செருகக் கூடாது. அதன்பிறகு ஊர் அதற்குப் பழகிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். தங்கள் முறைக்குத் தாங்கள் வராமல் மாமியாரை அனுப்பிய மருமகள்கள் இருந்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் பாயசம். பெண்சாதியை அனுப்பிவிட்டு வீட்டில் கால்நீட்டிப் படுத்த ஆம்பளைகள், ஒயரை உருவியதும் பாக்கிவைத்ததெல்லாம் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். ஏலம் கூவுகிற வைரக்கண்ணு செருகினால் மூன்றே நிமிஷத்தில் அறிக்கை இறங்கும். புதுப்பெண் ஒருத்தி செருகினாள், கூச்சப்பட்ட குரல் பாதிவழியில் நின்றுவிட்டது. சிவபாக்கியத்தின் முறை வந்தால் எதிர்முனையே லைனைத் துண்டித்துவிடும், நாலைந்து தரம் மறுபடி மறுபடி போட வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். புன்னைமேட்டில் அது கிடைத்துவிட்டது, அதுவும் முறைவைத்து!

கலாவதிக்குத்தான் ஓய்வே இல்லை. குழந்தைக்குச் சளி, நாளைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்பார்கள். கல்யாண வீட்டில் ஆளில்லை என்பார்கள். மூன்றரை மணிக்கு வீடுவீடாகப் போய்க் கெஞ்சி ஒரு வாயைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் அவள் வாய் வறண்டுவிடும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இதை ஊரையே கூட்டிக் கறக்க வேண்டியிருந்தது.

முறைப்பட்டியலில் ஒரே ஒரு வீட்டை விட்டுவிட்டார்கள். அது கலாவதியின் வீடு. அவள் புருஷன் சிங்காரவேலுக்குப் பிறவியிலேயே காதும் கேட்காது, பேச்சும் வராது. ஏலக்கொட்டகை நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுப்பான். ஆனால் அவனைப் போல் பேசுகிறவன் அந்தக் குப்பத்தில் கிடையாது. எல்லாம் கையால். ஊரில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கைப்பெயர் வைத்திருந்தான். நாட்டாருக்கு வேட்டியை இழுத்து இழுத்துச் சொருகுவது, சிவபாக்கியத்துக்கு ஐந்து விரலும் வாய் மாதிரி விரிந்து மடங்குவது, கலாவதிக்கு இடது மூக்கை ஒரு விரலால் தொடுவது; பெண்பார்க்க வந்த அன்று அவள் மூக்குத்தி வெயிலில் மின்னியதாம். பன்னிரண்டு வருஷமாக அவளை அவன் அப்படித்தான் கூப்பிட்டான்.

பட்டியலில் தன் வீடு இல்லை என்று தெரிந்ததும் சிங்காரவேலு கோயில் வாசலுக்குப் போய்க் கூட்டத்தின் நடுவில் நின்றான். தன் தலையைத் தட்டினான், தரையைத் தட்டினான், கடலைக் காட்டினான், மறுபடியும் தன் தலையைத் தட்டினான்.

"என்னா சொல்றான்?" என்றார் நாட்டார்.

"நானும் ஒரு தலைக்கட்டு, எனக்கும் ஊர்ல பங்கு இருக்கு, எனக்கு ஏன் முறை இல்லேன்னு கேக்குறாரு மாமா," என்றாள் கலாவதி. சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அட, ஆமாம்ல! அவனுக்கும் குடுங்கப்பா. இல்லாத குரலு போனா என்னா, வந்தா என்னா."

புரட்டாசி முதல் தேதி சிங்காரவேலு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஒயரைச் செருகினான். கீச்சென்ற சத்தமே இல்லை. சும்மா, வடிகட்டின தண்ணீர் மாதிரி, அறிக்கை அரை நிமிஷத்தில் இறங்கியது. லைன் அறுபடவே இல்லை. உருவாமல் விட்டார்கள், அப்போதும் அறுபடவில்லை. ஊர் வாயைப் பிளந்தது. அன்று சாயங்காலமே நாட்டார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இனி யாருக்கும் முறை வேண்டாம், சிங்காரமே தினமும் செருகட்டும், அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து வலையும் பொத்தலாம். காலையில் செருகினால் இருட்டுகிற வரைக்கும் லைன் ஓடியது. பரீட்சை முடிவு பார்த்தார்கள், கிரிக்கெட் பார்த்தார்கள், துபாயில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் போட்டார்கள். சிங்காரவேலு சுவரோரம் பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தான். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் கலாவதி கவனித்தாள். ஒயர் செருகியிருக்கும்போது அவன் கை வலையைப் பொத்துகிறது, முடிச்சுப் போடுகிறது, பீடி பற்றவைக்கிறது. ஆனால் பேசவில்லை. மோடம் வாங்கிக்கொண்டது இல்லாத குரலை அல்ல. அவனிடம் எது பேச்சாக இருந்ததோ அதை. மற்றவர்கள் பத்து நிமிஷம் கொடுத்து முழுசாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இவனிடம் பன்னிரண்டு மணி நேரம் வாங்கியது. நாளெல்லாம் இரவல் போன உரல் தேயாமலா திரும்பும்? சோற்றுக்கு உட்கார்ந்தவன் உப்பு கேட்கக் கையைத் தூக்கினான், பாதியில் நிறுத்தினான், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் எழுந்துபோய்த் தானே உப்பை எடுத்துக்கொண்டான். மறுநாள் நிறங்கள் போயின, சிவப்பு எது பச்சை எது என்று சொல்லும் விரல்கள் மறந்தன. அப்புறம் 'நாளைக்கு' போனது. அப்புறம் நாட்டாரின் பெயர், சிவபாக்கியத்தின் பெயர்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், மறைத்து என்ன ஆகப்போகிறது? கலாவதி இருபத்தாறு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த இருபத்தாறு நாள்தான் அவள் மத்தியானம் உட்கார்ந்து சோறு தின்றாள். யார் வீட்டுப் படியும் ஏறிக் கெஞ்சவில்லை, நாலு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. களைத்துப்போனவளுக்கு நிழல் கிடைத்தால், அது யார் முதுகின் நிழல் என்று பார்க்கத் தோன்றுவதில்லை. பார்த்தாள், பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தாள்.

ஐப்பசி பிறந்த அன்று அவள் அடுப்படியில் இருந்தாள். தின்பண்டம் ஏதோ வேண்டும் போல, சிங்காரவேலு வாசலில் நின்று தட்டைத் தரையில் தட்டினான், டங், டங் என்று, நாயைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் திரும்பினாள். அவன் கை மூக்கை நோக்கிப் போகவில்லை. அது எங்கே போக வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. கலாவதி அங்கேயே அடுப்புச் சாம்பலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவனுக்கு அது கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அருள்தாஸுக்குப் போன் போட்டாள்.

"சார், மோடம் வேணாம். அந்தக் கார்டை எழுப்புங்க. ஐஸ் பேக்டரியில நல்ல லைன் இருக்கு, அங்கேருந்து ஒயர் இழுத்துக்கச் சொல்லிட்டாங்க. எம்பது மீட்டர்தான் வரும்."

அருள்தாஸ் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, கார்டு ஏன் எழும்பலேன்னு எனக்கு இப்பதான் புரியுது. மிஷினைக் கூப்பிட மோடமும் கார்டும் ஒரே மணிக்கயித்தைப் புடிச்சு இழுக்குது. மோடத்தை அடியோட எடுத்தாத்தான் கார்டு எழும்ப வழி இருக்கு. ஆனா எடுத்துட்டா மோடம் மறுபடி வருமான்னு கேக்காதீங்க. முதல்ல எப்படி வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். அதுவும் ஐப்பசியில், புயல் மாசத்தில்.

அவள் நாட்டாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தான் தெரிந்தே சும்மா இருந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நாற்பது படகுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"கலா, அவன் கையில என்னா கொறைஞ்சுச்சு? வலை பொத்துறான், திங்கிறான். மழை தாண்டட்டும், தையில பாத்துக்கலாம்."

"தைக்குள்ள அவர்கிட்ட ஒண்ணுமே மிச்சம் இருக்காது மாமா."

"ஓடுற லைனைப் புடுங்குனீன்னா ஊர் உன்னைச் சும்மா வுடாது, சொல்லிட்டேன்."

அவள் மையத்துக்கு வந்தாள். மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேலு சுவரோரம் வலையோடு இருந்தான். கலாவதி நேராக மேசையருகில் போனாள். குனிந்து, போன் ஒயரைச் சுவரிலிருந்து ஒரே இழுப்பில் பிடுங்கினாள். பெட்டியே கையோடு வந்துவிட்டது, சுண்ணாம்பு கொட்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் கத்தினார்கள். சிங்காரவேலு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், மறுபடி வலையைப் பொத்தத் தொடங்கினான். அவள் உட்கார்ந்து மோடத்தின் டிரைவரை, நாலு மாசம் உயிரைக் கொடுத்து ஏற்றியதை, அழித்தாள். கார்டைச் செருகினாள். முதல் கூவல் உசந்தது. இரண்டாவது தாழ்ந்தது.

மூன்று நாள் ஊருக்கு லைன் இல்லை. ஐஸ் பேக்டரியிலிருந்து தென்னைக்குத் தென்னை கட்டி ஒயர் மட்டும் வந்து சேர்ந்தது. ரேடியோ தினமும் கரை முழுக்கக் கடல் கொந்தளிப்பு என்றே சொல்லும், அதை நம்பிப் போனவனும் இல்லை, நின்றவனும் இல்லை. அலை எத்தனை அடி என்று தெரியாமல் நாற்பது படகும் மணலில் கிடந்தன. வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் லைன் வரவில்லை என்றால் அந்தத் தலைக்கட்டை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று. தள்ளிவைத்தால் தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, வலை கொடுக்க ஆளில்லை. சிவபாக்கியம் மட்டும் ஒரு தூக்கில் மீன்குழம்பு கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "தின்னுட்டுத் தொலை, வெறும் வயித்துல மிஷினைப் பாத்தா அதுவும் உன்னைப் பாத்து அழுவும்," என்று திட்டிவிட்டுப் போனாள். சிங்காரவேலின் கை அந்த மூன்று நாளும் பேசவில்லை. ஒயரை உருவினால் திரும்பிவிடும் என்று நினைத்தாளே, அது திரும்பவில்லை. ஆனாலும் பக்கத்துக்கடை போனில் அருள்தாஸ் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு ஓடிவருவாள், தட்டுவாள், தாழ்ந்த கூவலைக் கேட்பாள், மறுபடி ஓடுவாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு கூவலும் உசந்தன.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கார்டைப் பிடுங்கி மறுபடி செருகினாள். உசந்தது, உசந்தது. ஆனால் கார்டின் ஓரத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே ஐஸ் பேக்டரியை நோக்கி ஓடினாள், சிங்காரவேலு பின்னாலேயே வந்தான். இரண்டாவது தென்னையில் அணில் கடித்து ஒயர் அறுந்து தொங்கியது. உள்ளே முடியளவு எட்டு இழைகள், நாலு முழு நிறம், நாலு வெள்ளைக் கோடு போட்டவை. கலாவதிக்கு ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவியது. மணி மூன்றரை. கொட்டகைப் பக்கம் ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள்.

சிங்காரவேலு அவள் கையிலிருந்து ஒயரை வாங்கினான். மணலில் சம்மணம் போட்டான். பச்சைக்குப் பச்சை, கோட்டுப் பச்சைக்குக் கோட்டுப் பச்சை, ஆரஞ்சு, நீலம், பழுப்பு. நிறத்தின் பெயரை மறந்த விரல்கள் நிறத்தை மறக்கவில்லை. பல்லால் உரித்து, முறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக டேப் சுற்றி, மேலே வலைநூலால் ஒரு கட்டும் கட்டி நிமிர்ந்தான்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பச்சை விளக்கு எரிந்தது. யாருடைய குரலும் போகவில்லை. வாசலில் நின்ற நாட்டார்கூடத் தொண்டையைக் கனைத்துச் சரிபார்த்துக்கொண்டார். அறிக்கை இறங்கியது. கலாவதி மைக்கைப் போட்டாள்.

"நாளைக்கு சனிக்கிழமை. புன்னைமேட்டுக் கரையில் அலை மூன்று அடி. தொழிலுக்குப் போகலாம்."

படித்துவிட்டுத் திரும்பினாள். சிங்காரவேலு எதிரில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வலது கை மெல்ல எழுந்தது. அவள் அவன் மூக்கையே பார்த்தாள். கை மூக்குக்குப் போகவில்லை. பக்கவாட்டில் நீண்டது, இல்லாத ஒரு சுவரிலிருந்து இல்லாத ஒரு ஒயரைப் பிடித்தது, ஒரே இழுப்பில் பிடுங்கியது. அப்புறம் அவளைச் சுட்டியது. புரியவில்லையோ என்று இன்னொரு தரம் செய்தான். பிடுங்கினான், சுட்டினான். மூக்குத்தி போய், புதுசாக ஒரு கைப்பெயர்.

கலாவதி அழுதாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். கடற்கரை முழுக்க, படகுகளின் மேல், கருவாட்டுக் கொடிகளின் மேல், நாலு திசையிலும் அவள் அழுகை கேட்டது. படகைத் தள்ளப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். சிவபாக்கியம்தான் முதலில் ஓடிவந்தாள்.

"ஏண்டி, மூணடி அலைக்கா இப்புடி அழுவுற? மறச்சு வாசிச்சியா? எத்தினி அடின்னு உண்மையைச் சொல்லு!"

கலாவதிக்குக் குரல் இருந்தது. ஆனாலும் அவள் கையை நீட்டி, காற்றிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.